கொழும்பு வெயிலுக்கு ஹற்றன் உடம்பு

நுவரெலியாவில் அடுப்பில் வைத்த தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே வளிமண்டல அமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொஞ்சம் கீழே, 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் அது சுமார் 86 வீதம். அமுக்கம் குறைந்தால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். இந்தக் கணக்கிலிருந்துதான் மலையகத்தில் ஒரு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது: மேலே ஓடிப் பழகினவன் கீழே இறங்கினால் பறப்பான். விளையாட்டு ஆசிரியர்கள் சொல்வார்கள், மரதன் பார்க்கக் கூடும் பெரியவர்களும் சொல்வார்கள். தேசிய மட்ட நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு நுவரெலியா தேடி வருவதைக் கண்ட பிறகு அதை மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்?

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மற்றப் பாதி எங்கே உடைகிறது என்பதை ஹற்றனில் வங்கி வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவர், அம்மா கொழுந்து பறித்தவர். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக நீச்சல், ஓட்டம் எல்லாம் தொற்றிக்கொண்டன. கடைசியில் கொழும்பில் நடந்த ஒரு நீண்ட ட்ரையத்லனுக்குப் பெயர் கொடுத்தார். திரும்பி வந்ததும், இதயத் துடிப்பையும் வேகத்தையும் நிமிடவாரியாகப் பதிந்து வைத்திருந்த அந்தக் கடிகாரத்தின் வரைபடத்தைத் தொலைபேசியில் விரித்துக் காட்டிக் கேட்டார்:

“அண்ணே, சைக்கிள் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. ஓட்டத்தில மட்டும் ஒடம்பு வேற யாரோடதோ மாதிரி ஆயிருச்சு. கீழ காத்து கூடத்தானே இருக்கு?”

காற்று கூடத்தான் இருந்தது. வெயிலும் கூட இருந்தது.

முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறேன். 1.9 கிலோமீற்றர் நீச்சல், கரையேறிய கையோடு 90 கிலோமீற்றர் சைக்கிள், அதற்குப் பிறகு 21.1 கிலோமீற்றர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீற்றர். மைல் கணக்கில் இது 70.3 என்பதால் அந்த எண்ணே இதற்குப் பெயராகிவிட்டது. 1978 பெப்ரவரி 18இல் ஹவாயின் ஓஹு தீவில் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் தொடக்கி வைத்த “அயன்மேன்” போட்டியில் பாதித் தூரம் இது. அந்த முதல் போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இலங்கைக்கு இந்தப் பாதித் தூரப் போட்டி 2018 பெப்ரவரி 25இல் கொழும்பு வழியாக வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் இந்தியாவின் கோவாவிலும் நடந்தது. பாதி என்று கேட்டு யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். முதன்முறை இறங்கும் ஒருவருக்கு ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். பொதுவாக எட்டரை மணி நேரம் வரைதான் அனுமதி.

மெல்லிய காற்று உடம்பில் என்ன செய்கிறது? ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகத்திலுள்ள சில கலங்கள் உணர்ந்து எரித்ரோபொயிட்டின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அது எலும்பு மச்சைக்குப் போய்ச் செங்குழியங்களைக் கூடுதலாக உண்டாக்கச் சொல்கிறது. கலங்கள் ஒட்சிசன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் கெலின், ராற்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செங்குழியம் கூடினால் தசைக்குப் போகும் ஒட்சிசனும் கூடும். இதுவரை மலையக நம்பிக்கை சரி.

ஆனால் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும் விதம் நேர்கோடு இல்லை. காற்றில் ஒட்சிசன் கொஞ்சம் குறைந்தாலும் அது பிடியை விடுவதில்லை. ஒரு எல்லைக்குக் கீழே போன பிறகுதான் சடாரென்று இறங்கும். நுவரெலியாவில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் 95 வீதத்தை ஒட்டியே காட்டும். சிறுநீரகம் பதறி எழும்புகிற அளவுக்கு அது குறைவில்லை. செங்குழியம் குறிப்பிடத்தக்க அளவில் கூட வேண்டுமென்றால் 2,000 மீற்றரிலிருந்து 2,500 மீற்றர் வரையான உயரத்தில் வாரக்கணக்காகத் தங்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து.

இதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வு அமெரிக்காவில் பெஞ்சமின் லெவைனும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997இல் வெளியிட்டது. 39 ஓட்டக்காரர்களைப் பிரித்து நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். 2,500 மீற்றரில் தங்கிய குழுக்களுக்குச் சராசரியாகச் செங்குழியங்கள் கூடின. ஆனால் ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் உண்மையாக வேகம் கூடியது, அங்கே தூங்கி, பயிற்சிக்கு 1,250 மீற்றருக்கு இறங்கி வந்தவர்களுக்கு மட்டும்தான். மேலேயே ஓடியவர்களால் மெல்லிய காற்றில் போதிய வேகத்தில் பயிற்சி செய்ய முடியவில்லை. 1,900 மீற்றர் உயரத்தில்கூட உடம்பு உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ பத்து வீதம் குறைந்துவிடும். எங்கள் நாட்டில் அந்த ஆய்வைத் திரும்பச் செய்வதென்றால் 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை உச்சியில் தூங்கிவிட்டு, தினமும் ஹற்றனுக்கு இறங்கி வந்து ஓட வேண்டும். தம்பி செய்தது ஹற்றனில் தூங்கி நுவரெலியாவுக்கு ஏறிப் பயிற்சி எடுத்தது. ஆய்வு சொன்னதற்கு நேர் தலைகீழ்.

அதற்காக அந்த ஏற்றம் வீண் என்று சொல்ல வரவில்லை. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் செங்குத்தாக 600 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 470 கிலோயூல் வேலை. 200 வாற்று வலுவில் மிதிப்பவருக்கு அதற்கே நாற்பது நிமிடம் போய்விடும். காற்றுத் தடையும் சக்கர உராய்வும் தனிக்கணக்கு. கால் தசையும் இதயமும் இதில் உரமேறுவது நிச்சயம். மலையகத்தில் இந்த உரம் சைக்கிள் வாங்கியவர்களிடம் மட்டும் இருப்பதும் இல்லை. கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு ஏறி இறங்கும் பெண்களுக்கு இதற்கு யாரும் பதக்கம் போட்டதில்லை, எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், போடுவார்கள்.

ஏற்றத்தில் பழகியவருக்குச் சமதரை காட்டும் வித்தியாசம் வேறு மாதிரி. மலையில் ஏற்றம் முடிந்தால் இறக்கம் உண்டு. பத்து நிமிடம் மிதிக்காமலே போகலாம், கால் ஆறும், தண்ணீர் குடிக்கலாம். கொழும்பில் 90 கிலோமீற்றரும் மிதித்தபடியேதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே கோணத்தில் குனிந்து, ஒரே வேகத்தில், இடைவெளியில்லாமல். காற்றும் சதி செய்யும். வெப்பத்தையும் அமுக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் நுவரெலியாவின் காற்று கொழும்புக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளும் காற்றுத் தடை அந்த அடர்த்தியோடு நேராகக் கூடும். மேலே சமதரையான தெரு ஒன்று கிடைத்திருந்தால் தம்பி அங்கேதான் வேகமாகப் போயிருப்பார். கிடைக்காததுதான் நுவரெலியா.

நீச்சலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தண்ணீரின் தடையை வெல்லத் தேவையான வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் புயத்தின் பலத்தைவிட உடம்பைக் கிடையாக வைத்துக்கொள்ளும் நுட்பமே முக்கியம், அதைச் சிறுவயதில் கற்றவருக்குத்தான் சுலபமாக வரும். மலையகத்தில் பிள்ளைகள் நீந்திப் பழகக் கூடிய தடாகங்கள் அரிது. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கும்போது மூச்சு தன்னிச்சையாக உள்ளிழுக்கும். அந்த ஒரு நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. கரையும் சேறு. தனியாக இறங்கும் இடமில்லை அது. வளர்ந்த பிறகு தடாகத்தில் கற்றுக்கொண்ட தம்பிக்குக் கடல் ஓர் உதவி செய்தது. உப்புநீரின் அடர்த்தி நன்னீரைவிட 2.5 வீதம் கூட, ஒல்லியானவர்களின் தாழும் கால்களை அது கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். இன்னொரு வேலையையும் அது சத்தமில்லாமல் செய்தது. பெப்ரவரியில் கொழும்புக் கடல் 28 பாகை அளவில் இருக்கும். அதில் முக்கால் மணி நேரம் கடுமையாக நீந்துகிறவரின் உடல் வெப்பம் கரையேறும்போதே சற்று உயர்ந்துதான் இருக்கும். குளிர்நீருக்கான ரப்பர் உடையை 24.5 பாகைக்கு மேல் அணிந்து நீந்தும் பொழுதுபோக்கு வீரர்களுக்குப் பரிசுத் தகுதி இல்லை, 28.8க்கு மேல் அணியவே கூடாது என்று இந்தப் போட்டிகளில் விதி வைத்திருப்பது சும்மா இல்லை.

இனித்தான் விஷயம்.

தசை ஓர் எந்திரம் என்று பார்த்தால் மட்டமான எந்திரம். உண்ட சக்தியில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை, மீதி எல்லாம் வெப்பம். 180 வாற்றில் சைக்கிள் மிதிப்பவர் உள்ளே 600 வாற்றுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறார். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் 65 கிலோ எடையுள்ள உடம்பில் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். அரை மணி நேரத்தில் உயிர் போய்விடும். போகாமல் காப்பது தோல்.

தோல் இரண்டு வழியில் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒன்று, சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே அதற்குப் போகும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. அங்கே ஓடும் ஒருவரின் வெப்பத்தில் பெரும் பங்கு இந்த வழியிலேயே செலவின்றிப் போய்விடும். கொழும்பில் பெப்ரவரி நண்பகலில் 31 பாகை, அதன்மேல் வெயில், அதன்மேல் சூடேறிய தார். அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. மிச்சமிருப்பது வியர்வை ஆவியாதல். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மணிக்கு ஒரு லீற்றர் என்றால் அது ஏறத்தாழ 670 வாற்று. சைக்கிள்காரரின் 600 வாற்றுக் கணக்கு அதில் அழகாக நேராகிவிடும். ஆனால் “முழுதாக ஆவியானால்” என்ற நிபந்தனைதான் கொழும்பில் எடுபடுவதில்லை.

நுவரெலியாவிலும் ஈரப்பதம் அதிகம்தானே என்று கேட்கலாம். மூடுபனி மாதத்தில் லயத்து வாசல் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படியானால் வியர்வை எப்படிக் காயும்? காலையில் ஹற்றன் மைதானத்தில் ஓடிவிட்டு நிற்கிறவரின் முதுகைப் பார்த்தால் பதில் தெரியும். பெனியனிலிருந்து புகையாக ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கொடித்துணியின் சூடும் காற்றின் சூடும் ஒன்று. தோலோ 33, 34 பாகைச் சூட்டில் இருக்கிறது. ஆவியாதலைத் தீர்மானிப்பது சாரீரப்பதன் வீதமல்ல, தோலின்மீதுள்ள நீராவி அமுக்கத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம். 35 பாகைக்குச் சூடேறிய தோலில் அந்த நீராவி அமுக்கம் சுமார் 5.6 கிலோபஸ்கால். 16 பாகைக் காற்று மூடுபனியால் முழுதாக நிறைந்திருந்தாலும் 1.8தான். கொழும்பில் 29, 30 பாகையில் 75 வீத ஈரப்பதம் என்றால் அது 3க்கு மேல் போய்விடும். வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஆவியாகாத வியர்வை முழங்கையில் வழிந்து தாரில் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோகும், வெப்பத்தைக் கொண்டுபோகாது.

சைக்கிளில் இருக்கும்வரை இது முழுதாகத் தெரியாது. மணிக்கு 28, 30 கிலோமீற்றர் வேகத்தில் முகத்திலடிக்கும் காற்று ஆவியாதலுக்குக் கைகொடுக்கும். இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒன்றாகிவிடும். வெப்ப உற்பத்தியோ குறையாது, சமதரை ஓட்டத்தில் செலவாகும் சக்தி பெரும்பாலும் வெப்பமாகவே முடியும். நேரமோ காலை பதினொரு மணி. தம்பியின் வரைபடத்தில் சரியாக இந்த இடத்தில்தான் இரண்டு கோடுகளும் பிரிகின்றன. வேகக் கோடு மெல்ல மெல்லக் கீழே போகிறது. இதயத் துடிப்புக் கோடு கீழே போகவில்லை, முதல் ஐந்து கிலோமீற்றருக்குள் இன்னும் ஏறுகிறது. மெதுவாக ஓட ஓட இதயம் கூடுதலாக அடிக்கிறது.

“கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்ணே.”

கெடவில்லை. வெப்பத்தை வெளியேற்றக் குருதி தோலுக்குப் போக வேண்டும், ஒட்சிசன் கொடுக்கத் தசைக்கும் போக வேண்டும். இருப்பதோ ஐந்து லீற்றர் அளவு குருதி. அதிலிருந்து நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் நாலு மணி நேரமாக வியர்வையாகக் குறைந்துகொண்டு வருகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் அளவும் குறையும். அதை ஈடுசெய்யத் துடிப்பின் எண்ணிக்கை கூடும். எவ்வளவு செங்குழியம் இருந்தாலும் இந்த நெருக்கடிக்கு அது மருந்தில்லை. ஒட்சிசனைச் சுமக்க ஆள் இருக்கிறது, ஓட்டுவதற்கான நீர்தான் இல்லை.

உள்ளே வெப்பம் ஏறினால் கடைசியில் என்ன நடக்கும் என்பதைக் கோபன்ஹேகனில் 1999இல் கொன்ஸாலெஸ்-அலொன்சோ குழுவினர் செய்து காட்டினார்கள். பயிற்சி பெற்ற சைக்கிள்காரர்களை முன்கூட்டியே குளிரவைத்தும், சாதாரணமாகவும், சூடேற்றியும் மூன்று தொடக்க வெப்பநிலைகளில் வெப்பமான அறையில் மிதிக்க விட்டார்கள். எவ்வளவு நேரம் தாங்கினார்கள் என்பது மாறியது, எந்த வெப்பநிலையில் நின்றார்கள் என்பது மாறவில்லை. எல்லோரும் உட்சூடு 40 பாகையைத் தாண்டிய அதே இடத்தில்தான் கைவிட்டார்கள். வெளியே வெயிலில் தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் ஓட்டக்காரர் அந்த எல்லைவரை போவதும் அரிது, அதற்கு வெகு முன்னாலேயே மூளை வேகத்தைக் குறைத்துவிடுகிறது. தம்பி பன்னிரண்டாவது கிலோமீற்றரில் நடக்கத் தொடங்கியதை மனத்தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பாதுகாப்பு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை வீம்புக்கு மீறி ஓடுகிறவர்கள்தான் வெப்ப அதிர்ச்சியில் விழுகிறவர்கள்.

வயிறும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோசன் ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கலோரி அளவு. ஆறு, ஏழு மணி நேரப் போட்டிக்கு அது காணாது, வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும். குடல் சுவரில் குளுக்கோசைக் கடத்தும் வாசல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் விடாது. பிரற்றோசுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து உண்டால் 90 கிராம் வரை உறிஞ்ச முடியும் என்பதை இங்கிலாந்தில் அஸ்கர் யூகென்ட்ரப் குழுவினர் காட்டிய பிறகுதான், விலையுயர்ந்த ஜெல் பொதிகளில் எல்லாம் இந்தக் கலவை வரத் தொடங்கியது. நாங்கள் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோசு, பாதி பிரற்றோசு. கித்துல் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதுதான். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற தோட்டத்துப் பழக்கத்தில் சீனியும் கஃபீனும் சேர்ந்தே கிடைக்கின்றன. தம்பி சைக்கிளில் வாழைப்பழமும் கருப்பட்டியுமாகத்தான் ஓட்டினார், மலையில் அது ஒத்துப்போனது. கொழும்பில் ஓட்டம் தொடங்கியதும் வயிறு குமட்டிக்கொண்டு வந்தது. கருப்பட்டியைக் குறை சொல்ல வேண்டாம். தோலும் தசையும் குருதிக்குப் போட்டி போடும்போது முதலில் வெட்டுப்படுவது குடலின் பங்குதான். உறிஞ்சப்படாத சீனி அங்கேயே தேங்கி நின்று கலக்கும்.

தாகத்துக்கு என்று கண்டபடி தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் குருதிப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 வீதமானோருக்குச் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம் மாட்டியிருந்தார்கள். வெறும் தண்ணீர் மிஞ்சினால் குருதியில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும். தாகம் எடுக்கும்போது குடிப்பது, அதில் கொஞ்சம் உப்புச் சேர்ப்பது, முடிவில் எடை சற்றுக் குறைந்திருந்தால் கவலைப்படாமல் இருப்பது. இவ்வளவுதான்.

அப்படியானால் ஹற்றனில் இருந்து வருகிறவருக்குத் தோல்வி எழுதப்பட்டதா? இல்லை. செங்குழியத்தைக் கூட்ட வாரக்கணக்கில் உயரத்தில் தங்க வேண்டும், அதிலும் பலன் சின்னது. வெப்பத்துக்கு உடம்பைப் பழக்குவது அதைவிட வேகமாக நடக்கும். தினமும் ஒரு மணி நேரம் அளவில் உட்சூடு உயரும்படி வியர்த்தால் முதல் நாலைந்து நாட்களிலேயே பிளாஸ்மாவின் கன அளவு கூடும். அதே வேகத்தில் இதயத் துடிப்பு இறங்கும். ஒரு வாரத்தை ஒட்டி வியர்வை சீக்கிரமாகவும் தாராளமாகவும் வரும், அதிலுள்ள உப்பு குறையும். ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பெரும்பாலான மாற்றம் முடிந்துவிடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் மறையும்.

கொழும்பில் பத்து நாள் தங்க வங்கியில் லீவு தரமாட்டார்கள். வேறு வழிகள் உண்டு. வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குளிரான சூழலில் ஓடி முடித்தவர்களை உடனே 40 பாகை வெந்நீரில் நாற்பது நிமிடம் வரை கழுத்தளவு உட்கார வைத்தார்கள். ஆறு நாள்தான். பிறகு வெப்பத்தில் ஓடிய ஐந்து கிலோமீற்றர் நேரம் கிட்டத்தட்ட ஐந்து வீதம் குறைந்தது. விறகடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிப்பது எங்கள் ஊரில் அன்றாடம். கழுத்தளவு மூழ்கத் தொட்டி உள்ள லயம்தான் இல்லை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று கிடைத்தால் சமாளிக்கலாம். எழும்பும்போது தலைசுற்றி விழக்கூடும் என்பதால் பக்கத்தில் ஆள் வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. இன்னொரு வழி ஏ7 வீதியிலேயே இருக்கிறது. ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கினால் உயரம் ஆயிரம் மீற்றருக்கு மேல் குறையும். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை என்ற பொதுக் கணக்கில் வெயிலும் ஈரமும் அங்கே கொழும்புக்கு நெருங்கிவிடும். வார இறுதியில் நீண்ட பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது தம்பி சிரித்தார். “எல்லாரும் மேல ஏறச் சொன்னாங்க, நீங்க கீழ எறங்கச் சொல்றீங்க.”

மலை அவருக்கு உண்மையாகவே கொடுத்த ஒன்று, போட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது. அரை மரதன் ஓடி முடித்தவர்களுக்கு இரண்டாம் நாள் தொடைத் தசை கல்லாகிப் படியிறங்க முடியாமல் போவது வழக்கம். தசை சுருங்க முயலும்போதே வெளிவிசையால் இழுபட்டு நீள்வதில்தான் அதன் நுண்ணிழைகள் அதிகம் சிதைகின்றன. கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும், முக்கியமாக இறக்கத்தில், நடப்பது அதுதான். சிவனொளிபாதமலைக்கு வருகிற கொழும்புக்காரர்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறியதைப் பற்றித்தான் பெருமை பேசுவார்கள். அடுத்த நாள் அவர்களை நொண்ட வைப்பதோ இறங்கிய படிகள். ஒருமுறை இப்படிச் சிதைந்து ஆறிய தசை, அடுத்த முறை அதே அடிக்கு மிகக் குறைவாகவே சிதையும். அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் சிறுவயதிலிருந்தே இறங்கித் திரிந்தவருக்கு அது காலாவதியாக இடைவெளியே கிடைப்பதில்லை. பந்தயத்துக்கு அடுத்த நாள் இரவு ரயிலில் ஹற்றன் வந்து இறங்கிய தம்பி, விடிந்ததும் தோள்பையோடு வங்கி மாடிப்படியில் வழக்கம்போல ஏறிப் போயிருக்கிறார். அவரோடு போட்டியில் ஓடிய கொழும்பு நண்பர் அன்றைக்கு லிஃப்டில் போனதாகத் தகவல் அனுப்பியிருந்தார்.